உங்களுக்காகத் துடைத்து வைத்த தரை

டீச்சருக்கு,

இன்று காலையில் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது விளக்குமாற்றில் உங்கள் ஷூ தட்டுப்பட்டது. மழைக்கென்று நீங்கள் வாங்கிய கறுப்பு ரப்பர் ஷூ. போன ஐப்பசியில், உங்கள் காலேஜ் முகாமின் கடைசி நாள், வாசலில் ஜீப் நிற்கிறது, பிள்ளைகளெல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இதைக் கழற்றினீர்கள். "இதைத் தூக்கிட்டுப் போயி சேலத்துல என்னக்கா பண்றது? அடுத்த வருசம் வந்து போட்டுக்கறேன். எலி கடிக்காம பாத்துக்குங்க" என்றீர்கள். எலி கடிக்கவில்லை. அடியில் இருக்கும் கோடுகளுக்குள் புகுந்த எங்கள் கிளியூர் மண் காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. எடுத்து மோந்து பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது.

அடுத்த வருசம் வந்துவிட்டது டீச்சர். ஐப்பசியும் வந்துவிட்டது. நீங்கள்தான் வரவில்லை.

நாளைக்கு மாலதி வருகிறாள். உங்களிடம் படித்த அதே மாலதி, ஜீப்பில் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, வந்து இறங்கியதும் என் வீட்டுத் தொட்டித் தண்ணீரில் தலையை முக்கியவள். இப்போது உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அவள்தான் நூலகப் படிப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாளாம். நீங்கள் கடைசியாக இங்கே போட்ட திட்டம் என்ன ஆயிற்று என்று பார்க்கப் பிள்ளைகளோடு வருகிறாள். அவர்கள் பார்த்து எழுதிக் கொடுப்பதை வைத்து, கிளியூரில் இந்த ஒற்றை அறையை நடத்துவதா, புத்தகங்களை மூட்டை கட்டி ஏற்காட்டுப் பெரிய நூலகத்தோடு சேர்த்துவிடுவதா என்று மேலே முடிவு செய்வார்களாம். வாரத்தில் மூன்று நாள் ஏற்காட்டிலிருந்து வண்டியில் வந்து நூலகத்தைத் திறக்கும் தம்பி சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்தேன், அரிசி போட மறந்தேன். நூலகம் என் வீட்டுக்கு அடுத்த சுவர். போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டில் என்ன இருக்கிறது பார்க்க? ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். தரை பளபளவென்று இருக்கிறது. நீங்கள் போட்டுக் கொடுத்த வெள்ளைத் தரை. முகம் பார்க்கலாம். அதுதான் டீச்சர் விஷயமே. அதனால்தான் இதை எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுதுவதற்கு உங்கள் பிள்ளைகளுக்குப் போடுவதைப் போல மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்.

முதல் வருசம் நீங்கள் வந்தபோது எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. அதை உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், இப்போது புதிதில்லை. முகாம் நடக்கும் நாட்களுக்குச் சமையல் என்னிடம் விட்டிருந்தார்கள். கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும் வைத்தேன். அத்தனை பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் தின்ன, நீங்கள் ஒருவர்தான் "கல்லு கடிபடுதுங்க அக்கா" என்றீர்கள். இந்தச் சேர்வராயன் மலையில் என் களியில் கல் என்று சொன்ன ஒரே வாய் உங்கள் வாய். அடுத்த நாள் ராசம்மா வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்து, "என்னா மணம்" என்று என் காதில் விழும்படி வேறு சொன்னீர்கள். ராசம்மாவுக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாய்ச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. தெரியாமல் சொன்னீர்களா, தெரிந்துதான் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

ஆனால் அந்த முதல் வருசத்தில்தான் எங்கள் எல்லாருடைய குட்டும் உடைந்தது. சேலத்திலிருந்து பெரிய படிப்புக்காரர்கள் நூலகம் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஊரில் வழக்கம்போல் ஏற்பாடு செய்துவிட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குக் கோலம், உள்ளே ஆளுக்கு ஒரு புத்தகம். எனக்கும் ஒன்று கொடுத்து மூலையில் உட்கார வைத்தார்கள். கவர்மெண்டு வேலைக்குப் பரீட்சை எழுதும் பையன்கள் படிக்கிற தடிப் புத்தகம். பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, மதியக் குழம்புக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உள்ளே வந்தீர்கள், சுற்றிப் பார்த்தீர்கள். நேராக என்னிடம் வந்து குனிந்து, மெதுவாகக் கேட்டீர்கள்.

"அக்கா, நேத்து வந்தீங்களா?"

"நேத்து எஸ்டேட்டுக்குப் போயிட்டனுங்க" என்றேன். "முந்தாநேத்து?" என்றீர்கள். பின்னாலிருந்து ராசம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் மொத்த அறையும் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, நாம் வருகிறோம் என்று கழுவி வைத்த வீட்டில் நமக்கு ஒன்றும் தெரியாது, இவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகட்டும், நாம் வெளியே போய் நிற்கலாம் என்று சொன்னீர்கள்.

அப்படித்தான் பிள்ளைகளை எஸ்டேட் பாதையில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். உள்ளே இருப்பவர்களை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், நூலகத்தைத் தாண்டிப் போகிறவர்களைப் பாருங்கள், அவர்கள் ஏன் நிற்கவில்லை என்று கேளுங்கள் என்பது உங்கள் பாடம். சாயங்காலம் நாங்கள் காப்பிப் பழம் எடை போட்டுவிட்டுச் சாக்கை இடுப்பில் கட்டியபடி இறங்கி வருகிறோம், பாதையின் இரண்டு பக்கமும் பேண்டு சட்டையும் சுடிதாருமாக நின்று எங்களையே பார்க்கிறார்கள். ராசம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க கண்ணு, பொண்ணு பாக்க வந்தீங்களா? மொதல்லயே சொல்லியிருந்தா பூ வெச்சிட்டு வந்திருப்பமில்ல" என்றாள். ஒரு பையனுக்குக் காது சிவந்துபோயிற்று. அதற்கப்புறந்தான் அவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள், நாங்கள் பதில் சொன்னோம். நாங்கள் இறங்கி வருகிற நேரத்தில் நூலகம் மூடியிருக்கிறது என்ற ஒரு சின்ன விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. எங்களுக்கும் அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. கோயில் நடை சாத்துவதைப்போல அதுவும் சாத்திக் கிடக்கிறது என்று இருந்தோம்.

மாலதி போட்ட திட்டத்தைப் படிக்கச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? என் வாசலில், எங்கள் பொம்பளைகள் இலையில் கை வைத்திருந்த நேரம். அவள் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, மலைவாழ் உழைக்கும் மகளிரிடையே வாசிப்புப் பழக்கத்தை மேம்படுத்துதல் என்று ஆரம்பித்தாள். ஒருத்தி வாயில் களியோடு, "யாருங்க அவங்கெல்லாம்?" என்று கேட்டாள். மாலதிக்குக் கண்ணில் தண்ணீர் நின்றுவிட்டது. நீங்கள் அவளைத் திட்டவில்லை. காகிதத்தை வாங்கி மடித்து அவள் கையிலேயே கொடுத்து, இந்தத் திட்டம் முடிந்த பிறகு யாருடைய சாயங்காலம் எப்படி மாறியிருக்கும், அதை இவர்களிடமே சொல் என்றீர்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க எஸ்டேட்ல இருந்து வர்ற நேரத்துக்கு லைப்ரரி தெறந்திருக்கும். விளக்கு எரியும். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம்" என்றாள். எல்லாருக்கும் புரிந்தது. இலையைக்கூட மடிக்காமல் தலையாட்டினார்கள்.

அடுத்த வருசம் நீங்கள் திரும்பி வந்தீர்கள். புதுப் பிள்ளைகளோடு மாலதியையும் இழுத்து வந்தீர்கள். எத்தனை நாற்காலி வாங்கினோம், எத்தனை புத்தகம் வந்தது என்று அவள் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "வாங்கினது கடைக்காரனுக்குத் தெரியும். யாரு உக்காந்தாங்கன்னு சொல்லு" என்றீர்கள். சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் நாங்கள்தான் உட்கார்ந்திருந்தோமே. பெயர்ந்த சிமெண்டுத் தரை, அதில் எங்கள் காலடி மண், ஈரச் சாக்கு மூலையில், ராசம்மா ஒரு வாரப் பத்திரிகையில் ஜாக்கெட் தையல் படம் பார்த்தபடி. நான் பேப்பரை எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுத்து திரும்பி வந்ததே அந்தத் தரையில்தான். இதை நீங்கள் இருந்தபோது சொல்லவில்லை. களியில் கல் என்று சொன்னவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இடையில் எழுந்து போய் மறுபடி ஜன்னலில் பார்த்துவிட்டு வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. சில்வர் ஓக் மரமெல்லாம் பனிக்குள் போய்விட்டது.

போன ஐப்பசிக்கு வருகிறேன். நூலகத்துக்கு இன்னும் என்ன செய்யலாம் என்று பிள்ளைகளைவிட்டு எங்களைக் கேட்கச் சொன்னீர்கள். நாங்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னோம், டைல்ஸ் என்று. வெள்ளை டைல்ஸ். நீங்கள் புருவத்தைத் தூக்கினீர்கள். ஃபேன்? விளக்கு? கழிப்பறை? எல்லாவற்றையும் கேட்டீர்கள். மழையில் வழுக்கும், மண் தெரியும் என்று சொல்லிப் பார்த்தீர்கள். மறுநாளும் கேட்டீர்கள், அதற்கு மறுநாளும் கேட்டீர்கள். ராசம்மாதான் கடைசியில் பேசினாள். அவள் காலையில் எஸ்டேட் பங்களாவில் தரை துடைத்துவிட்டுத்தான் பழம் பறிக்க வருவாள் என்று உங்களுக்குத் தெரியும்.

"நானு எத்தனையோ வருசமா வெள்ளைத் தரை தொடைக்கறனுங்க டீச்சர். ஒரு நாளும் அதுல உக்காந்ததில்லீங்க. உக்கார்றதுக்கு ஒண்ணு வேணும்."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பழைய மாணவர்களிடம் கேட்டுப் பெற்று, வெள்ளக்கடையிலிருந்து கொத்தனாரை வரவழைத்து, தை பிறப்பதற்குள் தரை போட ஏற்பாடு செய்துவிட்டீர்கள். ஜீப்பில் ஏறும்போது, "அடுத்த ஐப்பசிக்கு வந்து பாப்பேன். திட்டம் போடறது பாதி, திரும்பி வந்து பாக்கறது மீதி. பாதியில விட்டுட்டுப் போறவ இல்ல நானு" என்றீர்கள். ஷூ என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

தரை போட்டு முடித்த அன்று ஊரே வந்து பார்த்தது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதைப்போல ராசம்மா அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். மாக்கோலம் போட்டோம். போட்ட பிறகு யாருக்கும் அதில் கால் வைக்க மனசு வரவில்லை. எஸ்டேட் காலோடு இதில் நடப்பதா என்று ஒருத்தி கேட்டாள். நடக்கக் கூடாது என்று எல்லாரும் சொன்னோம். வீட்டுக்குப் போய், குளித்து, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்று எங்களுக்குள் கட்டு வைத்துக்கொண்டோம். குளிக்கத் தண்ணீர் காய வேண்டும், அதற்குள் அடுப்பில் சோறு, பேரன் பேத்தி, ஆடு. எல்லாம் முடிந்து தலை துவட்டும்போது தம்பி நூலகத்தைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்திருப்பான். நாளைக்குப் போகலாம் என்போம். மறுநாளும் அதேதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை, தம்பியிடம் சாவி வாங்கி, முறை வைத்துத் தரையைத் துடைத்தோம் டீச்சர். அதில் மட்டும் ஒருத்தியும் தவறவில்லை. டீச்சர் வந்து பார்க்கும்போது நேற்றுப் போட்டதைப்போல இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஆனியில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று மாலதி போன் செய்தாள். எல்லாம் முடிந்து காரியமும் ஆன பிறகு. எழவுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை உங்கள் வீட்டார். உடம்பு சரியில்லை என்று நீங்களாவது சொன்னீர்களா? அதை நான் மறக்க மாட்டேன். இங்கே சேதி தெரிந்ததும் தரையை இன்னும் அதிகமாகத் துடைக்க ஆரம்பித்தார்கள். வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ராசம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். தம்பி தலையில் அடித்துக்கொள்கிறான், வாங்க பாட்டி, உள்ள வாங்க பாட்டி என்று. யார் போகிறார்கள்?

உங்கள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் என்னவென்றால், நாங்கள் கேட்டால் கொடுத்துவிடுவதா? இத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவருக்குத் தெரியாதா? நாலாம் நாளும் கேட்டிருக்க வேண்டும். ராசம்மா ஒரு வார்த்தை சொன்னதும் கரைந்துபோய்விடுவதா? கொடுத்தீர்கள், சரி. சொன்னபடி வந்து பார்த்திருந்தால் படியில் நின்றே எங்கள் குட்டை உடைத்திருப்பீர்கள். "நேத்து வந்தீங்களா?" என்று கேட்டிருப்பீர்கள்.

நாளைக்கு மாலதி கேட்பாள். என்ன சொல்வது? திறக்கிற நாளெல்லாம் வருகிறோம் என்று எல்லாருமாகச் சொல்லிவிட்டால் அறை பிழைத்துக்கொள்ளும். ஊரில் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்து உட்கார வைக்கவும் தயார். மறுபடியும் அதே கூத்து. ஷூவை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், மாலதியிடம் கொடுத்துவிடலாம் என்று. இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

நாலு நாள் கழித்து எழுதுகிறேன்.

வந்தார்கள். மத்தியானமே வந்துவிட்டார்கள். மாலதி கொஞ்சம் பருத்திருக்கிறாள். வாந்தி எடுக்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டாள், நான் விறைப்பாக நின்றேன். களி போட்டேன். சாப்பிட்டுவிட்டு நூலகத்துக்குள் போய்ப் பிள்ளைகள் தரையைப் பார்த்து, நேற்றுப் போட்ட மாதிரி இருக்கிறதே, பராமரிப்பு மிக நன்று என்று எழுதப் போனார்கள். மாலதி எழுத விடவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, போய்ப் பாதையில் நில்லுங்கள் என்றாள். உங்கள் குரலே வந்தது அவளுக்கு.

பையை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டைப் பார்க்க நடந்தேன். ஏன் போனேன் என்று தெரியாது. வீட்டில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். மழை சரியான மழை. பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்துபோயிற்று. முள்ளும் சறுக்கலுமான பாதை. பையில் உங்கள் ஷூ இருக்கிறது. போட்டுக்கொண்டேன். உங்கள் கால் சின்னது டீச்சர். என் கட்டைவிரல் மடங்கிக்கொண்டு உயிர் போயிற்று. அப்படியே ஏறினேன்.

எடை போடும் கொட்டகையில் கணக்கெழுதும் ரைட்டர் பழ மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தார். பொம்பளைகள் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார்கள். நான் போனதும் ராசம்மா என் காலைத்தான் பார்த்தாள்.

"என்னக்கா, கவர்னரு மாதிரி ஷூவெல்லாம்?"

"டீச்சரோடது."

அவள் சாக்கைக் கீழே இறக்கினாள். நான் சொன்னேன், யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம், இப்படியே நூலகத்துக்கு வாருங்கள் என்று. மண் காலோடா என்றார்கள். மண் காலோடுதான் என்றேன். அவர்கள் வந்திருக்கும்போதா என்றார்கள். அவர்களுக்காக வரச் சொல்லவில்லை, அவர்கள் போன பிறகு நாளைக்கும் இப்படியே வர வேண்டும், அதற்குத்தான் இன்றைக்குத் தொடங்கச் சொல்கிறேன் என்றேன். திறக்கிற நாளெல்லாம் வருவதாகச் சொல்லிவிடலாம் என்று பேசினோமே என்று ஒருத்தி இழுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லு. 'நேத்து வந்தீங்களா'ன்னு அந்தப் புள்ள கேக்கும். அவங்க டீச்சரு கேட்ட அதே கேள்வி. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து ஆமான்னு சொல்ல முடிஞ்சா சொல்லு."

ராசம்மா மட்டும், "உண்மையச் சொன்னா மூடிருவாங்கக்கா" என்றாள், மெதுவாக. தெரியும் என்றேன்.

இறங்கி வந்தோம். நூலகப் படி வரைக்கும் வந்துவிட்டார்கள், அங்கே நின்றுவிட்டார்கள். ஒருத்தி பாதத்தைப் புல்லில் தேய்க்கிறாள். ஒருத்தி சேலைத் தலைப்பால் துடைக்கிறாள். உள்ளே வெள்ளைத் தரை, அந்தக் கடைசியில் மாலதியும் பிள்ளைகளும். படியில் வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள். எனக்குக் கட்டைவிரல் வேறு தெறிக்கிறது. ஷூவைக் கழற்றக் குனிந்தால் மறுபடி நிமிர முடியுமோ என்று பயம். கழற்றாமலே உள்ளே போய்விட்டேன். நடந்த வழியெல்லாம் கோடு கோடாகச் செம்மண் விழுந்தது. பேப்பர் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும், குளிர்ச்சியாக இருந்தது டீச்சர். அதை முதன்முதலில் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். துடைத்த கைக்குத் தெரியாத குளிர்ச்சி.

அடுத்து ராசம்மா வந்தாள். வெறுங்கால். ஒவ்வொரு அடிக்கும் திரும்பித் திரும்பித் தன் காலடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்து, "பங்களாவுல உக்காந்தாலும் இப்படித்தான் இருக்குமாட்ட" என்றாள். அதற்குப் பிறகு எல்லாரும் வந்துவிட்டார்கள்.

மாலதி வந்து எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவள் சேலையிலும் மண். கேட்டாள்.

"நேத்து வந்தீங்களா?"

"வரலீங்க கண்ணு" என்றேன். "தை மாசத்துல இருந்து வரலீங்க. இன்னிக்குத்தான் வந்தோம்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் என்று மாலதி கேட்டாள். சொன்னோம். கட்டு வைத்துக்கொண்டது, குளியல், முறை வைத்துத் துடைத்தது, டீச்சர் பார்ப்பதற்காக வைத்தது, எல்லாம். சொல்லும்போது பாதியில் ராசம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பெண் பிள்ளை, இதை அப்படியே எழுதினால் இந்த அறைக்கு ஆபத்து இல்லையா மேடம் என்று மாலதியிடம் கேட்டாள். மாலதி எங்களை ஒரு முறை பார்த்தாள். அப்படியே எழுது, அதற்குக் கீழே இன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் எழுது, இந்தத் திட்டம் இன்னும் முடியவில்லை என்று எழுது என்றாள். மறுபடி வந்து பார்க்கும் வரை முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப் போகிறாளாம். கேட்பார்களா தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதையும் மறைக்காமல் எங்களிடம் சொன்னாள்.

பிறகு பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் எப்போதும் கடைசியில் கேட்பதைக் கேட்டாள். இன்னும் வராதவர்கள் யார்? பிள்ளைகள் கதவுக்கு வெளியே பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் பேர் சொன்னார்கள். மேல் லைன் வீட்டில் இடுப்பு ஒடிந்து கிடக்கிறவள், புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள், அந்தி வரைக்கும் பழத்தைத் தேய்த்துத் தோல் எடுக்கிற ஆம்பளைகள். எல்லாம் சொல்லி முடிந்தது.

"டீச்சரு" என்றாள் ராசம்மா.

அது யாருடைய தாளிலும் எழுதப்படவில்லை. மாலதி தலையைக் குனிந்துகொண்டாள், நீங்கள் அன்றைக்குக் குனிந்துகொண்டதைப்போல. அவள் கண்ணுக்கு நேராக, வாசலிலிருந்து என் வரைக்கும், அந்தக் கோடு போட்ட செம்மண் அடிகள் கிடந்தன. போகும்போது அதன் மேல் மிதிக்காமல் ஓரமாக நடந்து போனாள்.

ஷூவை அவளிடம் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை அவள். கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். கழுவவில்லை. என் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் இருக்கிறது, அந்தக் கணக்கும் உங்கள் பேரில்தான். தம்பி துடைப்பத்தோடு வந்தால் நாங்கள் போன பிறகு துடை சாமி என்று விரட்டிவிடுகிறோம். நேற்றும் போனோம். முந்தாநேற்று நூலக நாள் இல்லை. இன்றைக்குப் போவேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தீராது. மாலதியும் ஜீப்பில் ஏறும்போது அடுத்த ஐப்பசிக்கு வந்து பார்க்கிறேன் என்றாள். அந்த வார்த்தையை நான் முன்னமே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற ஒடம்பப் பாத்துக்க கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.